மாசி மாதம் வட ஆற்காடு சுற்றப் போகிற தம்பிக்கு: வழியில் லேப்டாப்பில் படங்களை என்ன செய்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். குடியாத்தத்துத் தம்பி ஒருவர் மாசியில் இரண்டு வாரம் லீவு போட்டுப் பழைய வட ஆற்காடு முழுக்கச் சுற்றிப் படம் எடுக்கப் போகிறார். வேலூர்ப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை என்கிற அங்காளம்மன் திருவிழா, திருப்பத்தூர்ப் பக்கம் இரண்டு மூன்று ஊரில் மாடு விடும் விழா, ஆரணி செய்யாறு பக்கம் ராத்திரிக் கூத்து, நடுவில் ஏலகிரியும் ஜவ்வாது மலையும். கையில் 24 மெகாபிக்சல் கேமரா, 64 ஜிபி கார்டு இரண்டு, 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப். தங்குவது லாட்ஜில், போவது பஸ்ஸிலும் ரயிலிலும். "அண்ணா, தினமும் ராத்திரி எடிட் பண்ணி அன்னிக்கே போட்டுடணும்னு பாக்கறேன், எந்த சாஃப்ட்வேர் நல்லது, இந்த லேப்டாப் தாங்குமா?" என்று கேட்கிறார்.

தம்பி, சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்ப்போம். வெளியூரில் இருக்கும்போது லேப்டாப்பின் முதல் வேலை படத்தைத் தொலையாமல் வைத்திருப்பது. இரண்டாவது வேலை செலக்‌ஷன். எடிட்டிங் மூன்றாவதுதான், அதுவும் நாலைந்து படத்துக்கு மேல் வேண்டாம். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஒரே படத்தின் வானத்தை நீலமாக்கிக்கொண்டு இருப்பார்கள், அந்தப் படத்துக்கு இன்னொரு காப்பி எங்கேயும் இருக்காது.

முதலில் இடக் கணக்கு. 256 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். விண்டோஸ், அப்டேட், நீங்கள் போட்டு வைத்திருக்கிற மற்ற சாமான் எல்லாம் போக நூறு, நூற்றிருபது மிஞ்சினால் பெரிது. அதையும் முழுக்க நிரப்பக் கூடாது, எஸ்எஸ்டி நிறைந்துவிட்டால் லேப்டாப் நகராது. 24 மெகாபிக்சல் ரா ஃபைல், அதாவது கேமரா ஜேபெக் ஆக்காமல் அப்படியே தருகிற மூலப் படம், ஒன்று சுமாராக 25 முதல் 30 எம்பி. ஒரு நாளைக்கு 500 படம் என்றாலே 14, 15 ஜிபி ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு 200 ஜிபி. இது சாதாரண நாள் கணக்கு. மாடு விடும் விழாவை இதில் சேர்க்கவே இல்லை, அங்கே கணக்கு வேறு.

அங்கே மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுகிறார்கள், கோட்டிலிருந்து கோடு வரை எத்தனை நொடி என்று பார்க்கிறார்கள். உங்கள் முன்னால் ஒரு மாடு கடப்பது மூன்று நொடி. நொடிக்கு பத்து ஃப்ரேம் பர்ஸ்ட்டில் அழுத்திப் பிடித்தால் மாட்டுக்கு முப்பது படம். நூறு மாட்டுக்கு மூவாயிரம். அதை ராவில் எடுத்தால் 80 ஜிபியைத் தாண்டும், ஒரே காலையில். அதனால் என் யோசனை, சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை: மாடு விடும் விழாவை ஜேபெக்கில் எடுங்கள். பட்டப்பகல் வெயில், வெளிச்சம் ஒரே மாதிரி, முதல் மாட்டிலேயே எக்ஸ்போஷரைச் சரி பார்த்துப் பூட்டிவிடலாம். ஒரு ஜேபெக் பத்து எம்பி சுற்றி வரும், மூவாயிரம் படமும் 30 ஜிபிக்குள் அடங்கும், கார்டில் எழுதும் வரை படம் காத்திருக்கிற கேமராவின் பஃபரும் சீக்கிரம் நிறையாது. ராவைக் கூத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் அது தேவை. பர்ஸ்ட்டையும் மாடு தூரத்தில் புறப்படும்போதே ஆரம்பிக்க வேண்டாம். கூட்டத்தின் கை மாட்டின் முதுகில் படுகிற அந்த ஒரு நொடிக்கு மட்டும் போதும். ராத்திரி உட்கார்ந்து பார்க்கப் போகிறவர் நீங்கள்தானே.

அப்புறம் வாங்க வேண்டியது. 1 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒன்று, நல்ல யூஎஸ்பி 3 கார்டு ரீடர் ஒன்று, இன்னும் இரண்டு கார்டு. பழைய ஹார்டு டிஸ்க் வீட்டில் இருக்கிறது, அதையே எடுத்துப் போகலாமா என்றால், வேண்டாம். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது லாட்ஜ் மேஜையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் முடிந்தது கதை. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க் வீட்டு அலமாரியில் இருக்க நல்ல பொருள், அங்கேயே இருக்கட்டும்.

கார்டு ரீடரைச் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். பழைய யூஎஸ்பி 2 ரீடரில் நொடிக்கு 30, 35 எம்பி வந்தால் அதிகம், நிறைந்த 64 ஜிபி கார்டுக்கு அரை மணி நேரம் போகும். யூஎஸ்பி 3 ரீடரும் ஓரளவு நல்ல கார்டும் இருந்தால் அதே வேலை பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். விடிய விடியக் கூத்து பார்த்துவிட்டு வந்து கண் சொருகும் நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

கார்டு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. போலி கார்டு நிறையச் சுற்றுகிறது. மேலே 128 என்று அச்சடித்திருக்கும், உள்ளே உண்மையில் 16தான் இருக்கும், 16 தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும் அல்லது வெறும் குப்பையை எழுதும். பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும், திறக்கும்போதுதான் படம் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் உண்டு, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். புறப்படுவதற்கு முன்னால் எல்லாக் கார்டையும், எஸ்எஸ்டியையும் இதில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். காலி கார்டில் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எஸ்எஸ்டியை எந்த ஃபார்மட்டில் வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மேக் வைத்திருக்கிற நண்பருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், இரண்டிலும் எழுதும். உங்களோடு மட்டும் இருக்கப் போகிறது, விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ் இருக்கட்டும். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்டோ ஒயரோ பிடுங்கிக்கொண்டால் எக்ஸ்ஃபேட்டைவிட அது தாங்கும். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, வீடியோ எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி ராத்திரி வேலை. ரூமுக்கு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் காப்பியைப் போட்டுவிடுங்கள். கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு ஒன்று, கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று. இரண்டுமே கார்டிலிருந்துதான் போக வேண்டும், முதல் காப்பியிலிருந்து இரண்டாவது காப்பி எடுத்தால் முதலில் நடந்த கோளாறும் சேர்ந்தே போகும். கட் பேஸ்ட் என்ற பேச்சே கூடாது, காப்பி மட்டும். டெராகாப்பி என்ற காப்பி புரோகிராமைப் போட்டுக்கொண்டு வெரிஃபை டிக் செய்தால் எழுதியதைத் திரும்பப் படித்து ஒத்துப் பார்க்கும். அது இல்லாவிட்டால் குறைந்தபட்சம் இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று பாருங்கள். ஒரு பைட்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. லேப்டாப் பத்து நிமிடத்தில் தானாகத் தூங்கப் போய்விடாமல் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்தி வைக்க வேண்டும். பாதி காப்பியில் தூங்கிப்போய், காலையில் முழுக்க வந்துவிட்டது என்று நம்பிக் கார்டை ஃபார்மட் அடித்தவர்கள் கதை எங்கள் ஊர் போட்டோ லேப் வாசலில் நின்றால் வாரம் ஒன்று கேட்கலாம்.

லேப்டாப்பில் இடம் இல்லையே என்பீர்கள். அதற்குத்தான் கூடுதல் கார்டு. கேமராவைத் தவிர்த்து எப்போதும் இரண்டு இடத்தில் படம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எஸ்எஸ்டியில் எல்லாம் இருக்கும். லேப்டாப்பில் செலக்‌ஷன் முடிந்ததும் அதில் தேறிய படங்கள் மட்டும் தங்கும். மீதிக்கு இரண்டாவது காப்பி கார்டிலேயே இருக்கட்டும், நிறைந்த கார்டின் ஓரத்தில் இருக்கிற சின்ன லாக்கைக் கீழே தள்ளி, டப்பாவில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பயணம் முடிகிற வரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்யாமல் ஓட்ட முடிந்தால் அதைப் போல நிம்மதி இல்லை. நாலு கார்டில் 256 ஜிபி, மாட்டை ஜேபெக்கில் எடுத்தால் இழுத்துப் பிடித்து இரண்டு வாரம் ஓடும். எப்போதாவது ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமென்றால் கேமராவில் செய்யுங்கள், லேப்டாப்பில் வேண்டாம்.

மூன்றாவது காப்பி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பார்கள். கிளவுடில் போடலாம்தான், ஆனால் கணக்குப் பார்த்தீர்களா? 15 ஜிபியை 5 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லாட்ஜ் வைஃபை ஒரே சீராகக் கிடைத்தால். ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் அந்தப் பேச்சே வேண்டாம். கூகுள் போட்டோஸும் 2021 ஜூனிலிருந்து அளவில்லாமல் தருவதை நிறுத்திவிட்டது, இலவசமாக 15 ஜிபி, அது ஜிமெயிலையும் சேர்த்து. உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: வேலூரிலிருந்து திருப்பத்தூர்ப் பக்கம் போகும்போது காட்பாடி ஜோலார்பேட்டை ரயிலில் குடியாத்தம் நடுவில்தானே வருகிறது. ஒரு மதியம் இறங்கி, வீட்டில் இருக்கிற பழைய ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஒரு காப்பி போட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டி ஏறுங்கள். கிளவுடில் செலக்‌ஷன் ஆன படங்களின் ஜேபெக் மட்டும் ஏறட்டும்.

ஃபோல்டர் பெயர். நாள், அப்புறம் ஊர், அப்புறம் விஷயம். நாளை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் போட்டால் லேப்டாப் தானாகவே வரிசைப்படுத்தும். 15-02 என்று ஆரம்பித்தால் வெவ்வேறு மாதத்துப் பதினைந்தாம் தேதிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுத எனக்கும் ஆசைதான், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் சில பழைய புரோகிராம்கள் தமிழ் ஃபோல்டரைத் திறக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும், அதனால் இதற்கு மட்டும் ஆங்கில எழுத்து. கேமராக் கடிகாரத்தைப் புறப்படும் முன் போனோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள். கூட வருகிற நண்பரிடமும் கேமரா இருந்தால் இரண்டு கேமராவிலும் ஒரே போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், பிறகு எத்தனை நொடி வித்தியாசம் என்று பார்த்து மொத்தமாக நகர்த்திவிடலாம்.

சரி, செலக்‌ஷன். வழியில் லேப்டாப் உண்மையில் உதவுகிற இடம் இதுதான், இதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக்கை ஒளித்து வைத்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துக் காட்டுகிற வியூவர்கள் உண்டு. ஃபாஸ்ட்ஸ்டோன், எக்ஸ்என்வியூ எம்பி இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். காசு கொடுக்கத் தயார் என்றால் ஃபாஸ்ட்ராவியூவர், போட்டோ மெக்கானிக். 8 ஜிபி ரேமில்கூட அம்புக்குறியைத் தட்டத் தட்டப் படம் மாறும். எடிட்டிங் சாஃப்ட்வேரான லைட்ரூமில் இம்போர்ட் செய்து பிரிவியூ கட்டி முடிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம், அதனால் செலக்‌ஷனை வெளியே முடித்துவிட்டு, தேறியதை மட்டும் உள்ளே கொண்டு போங்கள்.

எப்படிப் பார்ப்பது? முதல் சுற்றில் நல்லதை மட்டும் குறியுங்கள். கெட்டதைத் தேடி ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தால் மூவாயிரம் முடிவும் எடுக்க வேண்டி வரும். நல்லதைத் தேடினால் முந்நூறுக்கு மட்டும் கை நகரும். மாட்டுப் படத்தில் முதலில் கண் ஷார்ப்பாக இருக்கிறதா என்று முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பு ஷார்ப், கண் அவுட் என்றால் எவ்வளவு நல்ல நொடியாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். நாலு காலும் தரையில் படாமல் நிற்கிற ஃப்ரேமை எல்லாரும் எடுத்துவைப்பார்கள். நான் அதற்கு முந்தின இரண்டு ஃப்ரேமையும் பார்ப்பேன், ஓரத்தில் ஒதுங்குகிறவன் முகத்தில் பயமும் சிரிப்பும் சேர்ந்து இருப்பது அங்கேதான் கிடைக்கும். மயானக் கொள்ளையில் வேறு மாதிரி. சூறை விடும்போது தானியமும் காசும் காய்கறியும் பறக்கிற நேரத்தில் நூறு கை மேலே இருக்கும், எந்தப் படத்தில் கண் ஓர் இடத்தில் போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். சின்னதாக்கிப் பார்த்தால்தான் இது தெரியும், பெரிதாக்கினால் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

கூத்துப் படத்தில் கிரீடமும் தோளில் கட்டுகிற புஜகீர்த்தியும் எங்கேயும் ஓடிப் போகாது, எல்லாப் படத்திலும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முகமும் கையும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் படம் மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அவர் ஒரு நிமிடத்துக்கு நாலு முகம் காட்டுவார். இதோடு ஒன்று, படம் எடுக்கும்போதே பார்க்க வேண்டியது: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மேடை டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் ஒரு படம் பச்சை, ஒரு படம் இருட்டு, பாதியில் ஒரு பட்டை என்று வரும். 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதை எடிட்டில் சரி செய்ய உட்கார்ந்தால் ராத்திரி போதாது.

குறிப்பதோடு நிறுத்துங்கள், வழியில் எஸ்எஸ்டியிலும் கார்டிலும் எதையும் டெலீட் செய்யாதீர்கள். தூக்கக் கலக்கத்தில், பதினான்கு அங்குல ஸ்கிரீனில், ஷேக் என்று தோன்றுவது வீட்டில் பெரிய மானிட்டரில் அழகாக இருக்கும். தரையைப் படம் எடுத்தது, லென்ஸ் மூடியோடு எடுத்தது இதெல்லாம்கூட இருந்துவிட்டுப் போகட்டும். அழிக்கிற கை ஒரு தடவை பழகிவிட்டால் பக்கத்துப் படத்தையும் சேர்த்து அழிக்கும்.

எடிட்டிங்கை ஏன் தள்ளிப் போடச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்கிரீன் பொய் சொல்லும். அந்த விலை லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிற அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். உடனே சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றுவீர்கள், போனில் பார்த்தால் அம்மன் முகம் தீப்பிடித்தது போல இருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் மாறுகிற பேனல் என்றால் இன்னும் மோசம். இதோடு லாட்ஜ் டியூப்லைட், மஞ்சள் சுவர். இன்னொன்று, விண்டோஸில் நைட் லைட் ஆன் ஆகியிருந்தால் ராத்திரியில் ஸ்கிரீன் தானாக மஞ்சளாகும், அது தெரியாமல் நீங்கள் எல்லாப் படத்தையும் நீலமாக்கி வைப்பீர்கள். எடிட் செய்ய உட்காரும்போது முதலில் அதை அணையுங்கள். பிரைட்னஸை ஓர் அளவில் வைத்து, ஆட்டோவை நிறுத்தி, தினமும் அதே அளவில் வையுங்கள். வெளிச்சத்தைக் கண்ணால் முடிவு செய்யாமல், இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அது ஸ்கிரீனை நம்பி இல்லை.

வழியில் தாராளமாகச் செய்யக்கூடியவை: கோணலை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது, எக்ஸ்போஷர், நிழலைக் கொஞ்சம் தூக்குவது. நிறத்தை முடிவு செய்வது வீட்டில். அதிலும் கூத்தில், கேமரா தானாக நிறத்தைச் சரி செய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பவே கூடாது, அரிதாரத்தின் சிவப்பைப் பார்த்துப் பயந்து அது படத்தின் நிறத்தையே மாற்றிவிடும். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடை வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை நண்பர் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு அதிலிருந்து எடுத்து மொத்தப் படத்துக்கும் போட்டுவிடலாம். போட்டபின் முழுக்க வெள்ளையாக்கிவிடாமல் கொஞ்சம் மஞ்சளை மிச்சம் வையுங்கள், கூத்துக்கு அந்தச் சூடு வேண்டும்.

அன்றைக்கே போட வேண்டும் என்பதற்கு லேப்டாப்பே தேவையில்லை என்பது என் கட்சி. நாலு படத்தைக் கேமராவிலிருந்து வைஃபையில் போனுக்கு இழுத்து, ஸ்னாப்சீடிலோ போன் லைட்ரூமிலோ இரண்டு நிமிடம் தட்டிப் போட்டுவிடுங்கள். பார்க்கிறவர்களும் போனில்தான் பார்க்கிறார்கள், போன் ஸ்கிரீன் உங்கள் லேப்டாப்பைவிட நிறத்தில் நேர்மையானது. லேப்டாப்பிலிருந்துதான் என்றால் நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, குவாலிட்டி 80 போதும். கூத்துக்காரர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் படம் அனுப்புவதாகச் சொல்லியிருப்பீர்கள், அனுப்புங்கள், வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது. ஃபிளெக்ஸ் அடிக்கத்தான் கேட்பார்கள்.

சாஃப்ட்வேர் என்று கேட்டதற்கு இப்போது வருகிறேன். மாதக் காசு கட்டுவீர்கள் என்றால் லைட்ரூம் கிளாசிக். கேட்டலாக், அதாவது திருத்தங்களை லைட்ரூம் எழுதி வைக்கிற கணக்குப் புத்தகம், லேப்டாப்பில் இருக்கட்டும், படங்கள் எஸ்எஸ்டியில். தேறிய படங்களுக்கு மட்டும் ஸ்மார்ட் பிரிவியூ கட்டிக்கொண்டால் எஸ்எஸ்டியைச் செருகாமலே பஸ்ஸில் உட்கார்ந்து எடிட் செய்யலாம். அது நீளப் பக்கம் சுமார் 2500 பிக்சல் உள்ள சின்னக் காப்பி, அதனால் பழைய லேப்டாப்பிலும் வேகமாக ஓடும். ஒரு விஷயம் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: லைட்ரூம் மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்பது கேட்டலாக்கை மட்டும்தான், உங்கள் படம் ஒன்றுகூட அதில் போகாது. காசு கட்ட வேண்டாம் என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. டார்க்டேபிள் நீங்கள் செய்த திருத்தத்தைப் படத்துக்குப் பக்கத்திலேயே சின்ன எக்ஸ்எம்பி ஃபைலாக எழுதி வைக்கும், ஃபோல்டரோடு சேர்ந்தே வரும். ஆனால் அது பழக ஒரு மாதம் ஆகும். பயணத்தில் வைத்துப் புதுச் சாஃப்ட்வேர் கற்கப் போகாதீர்கள், இப்போதே ஆரம்பியுங்கள் அல்லது திரும்பி வந்து பாருங்கள். படத்தில் வரும் புள்ளிகளை நீக்குகிற ஏஐ டீநாய்ஸை இந்த லேப்டாப்பில் தொடவே வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரு படத்துக்கே பல நிமிடம் எடுக்கும், கூடவே ஃபேன் அலறும்.

ஜவ்வாது மலையில் நட்சத்திரம் எடுப்பதாகச் சொன்னீர்கள். நல்ல இருட்டு, காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அங்கே கொண்டு வைத்ததே அதற்காகத்தான். முப்பது நொடிப் படமாக இரண்டு மணி நேரம் எடுத்தால் 240 படம், ஏழு ஜிபி. அதை ஒன்றாகச் சேர்க்கிற வேலையை வீட்டுக்கு விடுங்கள். அங்கே லேப்டாப்பைத் திறந்தால் உங்கள் கண்ணும் கெடும், பக்கத்தில் எடுப்பவர் படமும் கெடும்.

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை, மாசிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். பெரும்பாலான லேப்டாப்புகள் 35 டிகிரி வரை வேலை செய்யத்தான் செய்யப்பட்டவை. மெத்தை மேல் வைத்துக் காப்பி போடாதீர்கள், அடியில் காற்று போக வேண்டும். நிறுத்தி வைத்த வண்டிக்குள் லேப்டாப்பையும் எஸ்எஸ்டியையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏசி ரூமிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸ் பனி பூத்துக்கொள்ளும், பையிலேயே கால் மணி நேரம் இருக்கட்டும். மாடு ஓடுகிற தெருவிலும் ஆற்று மணலிலும் லென்ஸ் மாற்ற வேண்டாம், கார்டு மாற்றும்போதும் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள். லாட்ஜில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கும், ஒரு ஸ்பைக் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் கேமரா பேட்டரி, அப்புறம் மற்றவை.

எஸ்எஸ்டியும் லேப்டாப்பும் ஒரே பையில் இருக்கக் கூடாது. பை போனால் இரண்டும் சேர்ந்து போகும், அப்புறம் இரண்டு காப்பி எடுத்தும் ஒன்றும் இல்லை. லேப்டாப் பையில், எஸ்எஸ்டி உங்கள் பேன்ட் பாக்கெட்டில், கார்டு டப்பா நண்பரிடம். ஶ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கும் போவதானால் அங்கே போன், கேமரா எதுவும் உள்ளே விடமாட்டார்கள், அன்றைக்கு மொத்தத்தையும் ரூமில் பூட்டிவிட்டுப் போவது நல்லது. வேலூர்க் கோட்டையில் கையில் கேமராவோடு எடுக்கலாம், டிரைபாட் விரிக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வேண்டும்.

எவ்வளவு பார்த்தும் ஒரு கார்டு திறக்கவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை வெளியே எடுத்து லாக் போட்டு ஓரமாக வையுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. பெரும்பாலும் படம் உள்ளேயேதான் இருக்கும், எந்தப் படம் எங்கே என்கிற அட்டவணைதான் கெட்டிருக்கும், போட்டோரெக் என்ற இலவச புரோகிராம் நிறைய மீட்டுத் தரும், ஃபைல் பெயர் மட்டும் போய்விடும். அதையும் வீட்டுக்கு வந்து நிதானமாகச் செய்யுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்குப் பதற்றத்தில் வேண்டாம்.

லேப்டாப் தாங்குமா என்றால், மேலே சொன்ன வேலைக்குத் தாங்கும். புதுசு வாங்காதீர்கள், அந்தக் காசில் எஸ்எஸ்டி, கார்டு, ரீடர் எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும். காலியாக ஒரு ரேம் ஸ்லாட் இருந்தால் 8ஐ 16 ஆக்கிவிடுங்கள், லைட்ரூமில் வித்தியாசம் உடனே தெரியும். சில மாடலில் ரேமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அடியில் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், அதை எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.